கடுமையான நோயுள்ள குழந்தைகளின் கோடை முகாமில் தன்னார்வலராகப் போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். புற்றுநோய், ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கான கோடை முகாம் ஒன்றில் கேபின் தன்னார்வலராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கேபின் என்றால் குழந்தைகள் தங்கும் குடில், ஒரு வாரம் அதில் அவர்களோடே தங்க வேண்டும். 8 முதல் 11 வயது வரையிலான குழு. நேர்காணல், காவல்துறைச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்துவிட்டது. பயிற்சி இனிமேல்தான்.

எனக்கு மருத்துவம் தெரியாது. குழந்தைகளோடு பழகப் பிடிக்கும், அவ்வளவுதான். விண்ணப்பித்தபோது இருந்த தெம்பு இப்போது இல்லை. விளையாடும்போது யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? அவர்கள் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டால்? "நான் செத்துப் போயிடுவேனா?" என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

கலங்கரை:

வாழ்த்துகள் தூறல். நான் பல வருடங்களாகக் கேபின் பொறுப்பில் இருக்கிறேன். உங்கள் பயம் எல்லோருக்கும் வருவதுதான், பயிற்சியிலேயே பாதி போய்விடும். ஆனால் பயிற்சிக்குப் போகும் முன்பே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே ஆறுதல் சொல்லப் போகவில்லை. அந்தக் குழந்தைகளைச் சுற்றி ஆறுதல் சொல்கிறவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். உறவினர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது சாதாரணமான ஒரு நாள். சண்டை போட்டு, தோற்று, ஜெயித்து, சட்டையை அழுக்காக்கி, தூங்க மறுத்து, பெரியவர்களிடம் திட்டு வாங்கும் ஒரு நாள். அந்த நாள் தடங்கல் இல்லாமல் ஓடுவதற்குத்தான் நீங்கள் வேண்டும்.

அதனால் உங்கள் வேலை கேட்பதற்குப் பெரிதாகவே இருக்காது. காலையில் எழுப்ப வேண்டும். பல் தேய்த்தார்களா என்று பார்க்க வேண்டும். மருந்து நேரத்துக்குச் செவிலியரிடம் கூட்டிப்போக வேண்டும். காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேட வேண்டும். சன் ஸ்க்ரீன் பூசிவிடுவதை மறக்கவே கூடாது, ஏனென்றால் மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி சில மருந்துகள் எடுப்பவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் புண்ணாகும். மதியம் ஓய்வு நேரம் என்றால் ஓய்வு நேரம்தான். குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள், மாலையில் அவர்கள் துவண்டு போகாமல் இருப்பது அதனால்தான்.

விளையாட்டு பற்றிக் கேட்டீர்கள். இந்த முகாம்களில் சுவர் ஏறுவது, வில் எய்வது, குதிரைச் சவாரி, நீச்சல், ஜிப்லைன் எல்லாமே உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்கு உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸ் போட்டு, கயிற்றை நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து மேலே ஏற்றுவார்கள். எல்லாக் குழந்தைகளும் செய்யக்கூடிய மாதிரி விளையாட்டை மாற்றுவது முகாமின் பொறுப்பு. எவ்வளவு உயரம் போவது, எங்கே நிறுத்துவது என்பது குழந்தையின் முடிவு. ரெண்டு அடி ஏறிவிட்டு "போதும்" என்றால் போதும். "இன்னும் கொஞ்சம்தான், உன்னால் முடியும்" என்று கீழே நின்று கத்தாதீர்கள். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் "வேண்டாம்" சொல்ல முடியாத குழந்தை அது. இங்கே அது சொல்லும் "வேண்டாம்" உடனே செல்லுபடியாக வேண்டும். அப்படி நிறுத்தியவர்களில் பலர் மறுநாள் தாங்களே வரிசையில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் இரவு. விளக்கை அணைக்கும் முன் கேபினில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் வழக்கம் பல முகாம்களில் இருக்கிறது. இன்றைக்கு எது பிடித்தது, எது கஷ்டமாக இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள், பேசப் பிடிக்காதவர் அடுத்தவருக்கு விட்டுவிடலாம். பகலில் ஒரு வார்த்தை பேசாத குழந்தை அங்கேதான் வாயைத் திறக்கும். அந்த நேரத்துக்கு நீங்கள் களைத்துப் போயிருப்பீர்கள். ஆனாலும் அதை அவசரமாக முடித்துவிடாதீர்கள்.

இரவுப்பணி:

நான் முகாம்களில் மருத்துவக் குழுவோடு போகும் செவிலி. கலங்கரை சொன்னதோடு என் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

மருந்து எதுவும் உங்கள் கையால் போகக் கூடாது தூறல். தலைவலி என்று கேட்டாலும் ஒரு பாராசிட்டமால் கூடாது. காரணம் தெரிந்தால் இந்த விதி உங்களுக்கு மறக்காது. கீமோவில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்குப் பெரிய தொற்று வந்தாலும் வெளியே தெரியும் ஒரே அறிகுறி காய்ச்சலாக இருக்கலாம். 38 டிகிரி செல்சியஸ் வந்தாலே எங்களுக்கு அது அவசரநிலை. ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்கப் பார்ப்போம். பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது பார்ப்பதும் சொல்வதும் மட்டுமே. வழக்கத்தைவிடச் சோர்வாக இருக்கிறான், உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது, சாப்பாட்டைத் தள்ளிவிட்டான் என்று எதுவாக இருந்தாலும் உடனே எங்களிடம் வாருங்கள். "இதற்கெல்லாமா போய்ச் சொல்வது" என்று தயங்கவே வேண்டாம். நூறு முறை வெறும் சோர்வாக இருந்தாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

உங்கள் குழுவில் சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்த ஓட்டத்தை அடைக்கும் நோய்) உள்ள குழந்தை இருந்தால் குளிர்ந்த நீரில் கவனம். உடம்பு சட்டென்று குளிர்ந்தால் கடுமையான வலி கிளம்பலாம். நீச்சல் குளத்து நீரைச் சில முகாம்கள் வெதுவெதுப்பாக வைப்பது அதற்காகத்தான். குழந்தை வெளியே வரும்போதே துண்டும் உலர்ந்த துணியும் தயாராக இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க நினைவூட்டுங்கள், உடம்பில் நீர் குறைவதும் அதே வலியைக் கிளப்பும்.

மார்பில் குழாய் வெளியே தெரியும்படி இருக்கும் குழந்தை பொதுவாகக் குளத்தில் முங்கக் கூடாது. தோலுக்கு அடியில் போர்ட் (மருந்து ஏற்றப் பொருத்தும் சின்னக் கருவி) இருந்து, அதில் ஊசி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் நீந்தலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் முட்டி மோதும் விளையாட்டு கிடையாது. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், யாருக்கு என்ன கட்டுப்பாடு என்று முதல் நாளே நாங்கள் சொல்லிவிடுவோம். குழந்தைகளுக்கே தங்கள் கட்டுப்பாடு நன்றாகத் தெரியும். எட்டு வயசுப் பிள்ளை தன் மருந்துப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்லும்.

தன்னார்வலர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று உண்டு. ஆபத்து உங்களிடமிருந்தும் வரலாம். சின்னம்மை ஒரு சாதாரணக் குழந்தைக்கு ஒரு வாரத் தொல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும். தொற்றியதிலிருந்து வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். எனவே முகாமுக்கு முந்தைய மூன்று வாரத்தில் அம்மை வந்தவர் யாரோடாவது இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கிளம்பும் நாளில் சளியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் அப்படித்தான். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அந்த முறை போகாமல் இருப்பதுதான் சரி.

தூறல்:

இரவுப்பணி அக்கா, பாராசிட்டமால் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். நோய் வாரியாகத்தான் குழந்தைகளைப் பிரிப்பார்களா, இல்லை எல்லோரையும் சேர்த்தே விடுவார்களா?

இரவுப்பணி:

முகாமைப் பொறுத்தது. ஒரு வாரம் முழுக்க ஒரே நோய்க்கு ஒதுக்குவதும் உண்டு, கலந்து நடத்துவதும் உண்டு. கலக்கவே முடியாத நோய் ஒன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோய். ஒரு குழந்தையின் நுரையீரலில் இருக்கும் கிருமி அதே நோயுள்ள இன்னொரு குழந்தைக்குப் போனால் பெரிய கெடுதல், அதனால் அவர்கள் ஒருவருக்கொருவர் குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும். அவர்களுக்கென்றே தனி முகாம்கள் முன்பு நடந்தன. புர்கோல்டேரியா செபேசியா என்ற கிருமி அங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது தெரிந்த பிறகு 1990களில் அவற்றை நிறுத்தினார்கள். மற்ற நோயுள்ள குழந்தைகளுக்குக் கிடைக்கும் "என்னைப் போல் இன்னொருத்தி" என்ற சந்தோஷம் இந்தக் குழந்தைகளுக்கு நேரில் கிடைக்காமலே போய்விட்டது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

இருபக்கம்:

உற்சாகத்தைக் கெடுக்க வரவில்லை, உண்மையான கேள்வியோடுதான் வருகிறேன். ஒரு வாரம் மலை ஏறி, பாட்டுப் பாடி, கட்டிப்பிடித்து அழுதுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குழந்தை திரும்ப அதே வார்டுக்குப் போகிறது. இதனால் குழந்தைக்கு நிஜமாகவே என்ன பயன்? தன்னார்வலருக்குக் கிடைக்கும் மனநிறைவு குழந்தைக்குக் கிடைப்பதைவிட அதிகமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம் கூட இல்லை. இப்படிப்பட்ட உலகில் பணத்தையும் ஆளையும் முகாமில் செலவழிப்பதா, மருந்தில் செலவழிப்பதா? ஆய்வுகளையும் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே இல்லை. முகாம் முடிந்த கையோடு "சந்தோஷமாக இருக்கிறாயா" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

பழைய_கேபின்:

இருபக்கம், கேள்வி நியாயம்தான். நான் அந்தப் பக்கத்தில் இருந்தவள். 7 வயதில் எனக்கு லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகைக்குச் சிகிச்சை ரெண்டிலிருந்து மூன்று வருடம் நடக்கும். பெரியவர்களுக்கு அது வந்து போகிற ஒரு கட்டம். ஏழு வயதில் தொடங்கிப் பத்து வயதில் முடித்தவளுக்கு அது நினைவு தெரிந்த வாழ்க்கையில் பாதி. பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று தெரிவதற்கு முன்பே எனக்கு மருத்துவமனை மாடிப்படிகள் எல்லாம் அத்துப்படி.

ஸ்டீராய்டு எடுக்கும்போது முகம் உப்பிவிடும், பசி கட்டுக்கடங்காது, காரணமே இல்லாமல் கோபம் வரும். பள்ளியில் என்னைப் பார்த்தவர்கள் ஒன்று கேலி செய்தார்கள், இல்லை பரிதாபப்பட்டார்கள். முகாமில் என் கேபினில் இன்னும் ரெண்டு பேருக்கு அதே மாதிரி முகம். முதல் நாள் சாயங்காலமே போர்ட் வைத்த தழும்பு யாருக்குப் பெரிது என்று போட்டி வைத்துக்கொண்டோம். அதற்கப்புறம் நோயைப் பற்றி யாரும் பேசவே இல்லை, பேசத் தேவை இருக்கவில்லை. நீங்கள் கேட்ட பயன் எனக்கு இதுதான். உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

தூறல், உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கேபின் அக்கா ஒரு நாள் காலையில் என்னைத் திட்டினார். படுக்கையை மடித்து வைக்காமல் வெளியே ஓடியதற்காகத் திரும்பக் கூப்பிட்டு மடிக்க வைத்தார். நோய் வந்ததிலிருந்து என்னை யாருமே திட்டியதில்லை. அம்மா கூட இல்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழந்தைகளைப் "போராளி", "தைரியசாலி" என்றெல்லாம் தயவுசெய்து சொல்லாதீர்கள். தைரியமாக இருந்தே ஆக வேண்டும் என்ற பாரம் அவர்கள் தலையில் ஏற்கெனவே இருக்கிறது. பயந்தாலும் அழுதாலும் பரவாயில்லை என்று இருக்கக்கூடிய இடமாக முகாம் இருக்கட்டும்.

ஒரு_அம்மா:

என் மகனுக்கு ஹீமோஃபீலியா. அடிபட்டால் ரத்தம் உறையாது, மூட்டுக்குள்ளேயே கசியும். ரத்தம் உறைய உதவும் ஃபாக்டர் ஊசியை வீட்டில் நானே போட்டு வந்தேன். அவன் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. முகாமில் தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் தனக்குத் தானே நரம்பு தேடி ஊசி போடுவதைப் பார்த்திருக்கிறான். செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, ரெண்டு நாள் கழித்து இவனும் போட்டுக்கொண்டான். ஹீமோஃபீலியா முகாம்களில் முதல் ஊசியை எல்லோரும் கைதட்டிக் கொண்டாடுவார்களாம். வீட்டுக்கு வந்ததும் "அம்மா, நீங்க தள்ளுங்க" என்று பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வார்டில் யாரும் அவனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடிந்திருக்காது.

அதே நேரம் ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு தன்னார்வலர் என் மகன் படத்தைத் தன் பக்கத்தில் போட்டு, அவன் நோயின் பெயரையும் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். ஆனால் அவன் தன் வகுப்பில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. முகாமுக்கு எழுதியபின் எடுத்துவிட்டார்கள். தூறல், உங்கள் போனைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கலங்கரை:

ஒரு_அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். படம் எடுப்பது முகாமின் பொறுப்பாளர் வேலை, அதுவும் பெற்றோர் கையெழுத்து இருந்தால் மட்டும்.

இருபக்கம், மருந்தா முகாமா என்ற உங்கள் கேள்வியைப் பற்றி. இந்த முகாம்கள் எப்போது தோன்றின என்று பாருங்கள். இன்சுலின் ஊசி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது 1922 ஜனவரியில், டொராண்டோவில், 14 வயதுப் பையனுக்கு. அதற்கு முன் சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் பிழைப்பதே அரிது. மூன்றே வருடத்தில், 1925இல், மிச்சிகனில் லெனார்ட் வெண்ட் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளுக்காக முகாம் நடத்தினார். உயிர் பிழைத்த குழந்தைகள் தினமும் ஊசியோடும் அளவுச் சாப்பாட்டோடும் எப்படி வாழ்வது என்று யாராவது கற்றுத்தர வேண்டியிருந்தது. மருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றப்பட்ட பின் குழந்தையாக வாழ ஓர் இடம் வேண்டும். மருந்தும் முகாமும் ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

நடிகர் பால் நியூமன் 1988இல் கனெக்டிகட்டின் ஆஷ்ஃபோர்டில் ஆரம்பித்த முகாமும் அந்த வழியில் வந்ததுதான். உணவுப் பொருள் விற்று வரும் லாபம் முழுவதையும் தானமாகக் கொடுக்கும் நிறுவனத்தை அவர் 1982இலேயே தொடங்கியிருந்தார். 1994இல் அயர்லாந்தின் கில்டேரில் ஒரு பழைய கோட்டையில் பேரட்ஸ்டவுன் முகாமைத் தொடங்கினார். இன்று சீரியஸ்ஃபன் என்ற பெயரில் பல நாடுகளில் அந்த முகாம்கள் நடக்கின்றன, குடும்பங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே மருத்துவ மையத்தை மருத்துவமனை மாதிரித் தெரியவிடுவதில்லை. கார் பந்தயத்தை மையமாக வைத்த வட கரோலினா முகாமில் அதன் பெயர் "பாடி ஷாப்", அதாவது வண்டி பழுது பார்க்கும் இடம். உள்ளே மருத்துவர், செவிலியர், ஆக்ஸிஜன் எல்லாம் இருக்கிறது. குழந்தையின் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

பேரட்ஸ்டவுன் முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று. சவால், அதில் ஒரு வெற்றி, அப்புறம் அதைப் பற்றி யோசிப்பது, அதிலிருந்து தன்னைப் பற்றி ஏதோ கண்டுபிடிப்பது என்று நாலு படியாக நிகழ்ச்சிகளை அமைப்பார்கள். நான் முதலில் சொன்ன இரவுப் பேச்சு அந்த மூன்றாவது படி. அதனால்தான் அதை அவசரமாக முடிக்காதீர்கள் என்றேன்.

இருபக்கம்:

பழைய_கேபின், ஒரு_அம்மா, நேரில் பார்த்ததைச் சொன்னதற்கு நன்றி. ஊசி போட்டுக்கொள்ளக் கற்றது அளந்து பார்க்கக்கூடிய பயன்தான், அதை ஏற்கிறேன். இன்சுலின் கதையும் யோசிக்க வைக்கிறது.

ஆனாலும் ஒரு வாரம் என்பது என்னை உறுத்துகிறது. மனம் திறந்த குழந்தை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த அக்காவோ அண்ணாவோ காணாமல் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே எத்தனையோ இழந்த குழந்தைக்கு இது இன்னொரு இழப்பு இல்லையா?

நாணல்:

இதற்கு நான் பதில் சொல்லலாமா? நோய் எனக்கு இல்லை, என் தம்பிக்கு. பல முகாம்கள் உடன்பிறந்தவர்களுக்கென்றும் தனி நாட்கள் வைக்கின்றன. அப்படித்தான் நான் போனேன்.

வீட்டில் எல்லாப் பேச்சும் தம்பியின் ரத்தப் பரிசோதனை பற்றித்தான். எனக்குப் பொறாமையாக இருக்கும், உடனே குற்ற உணர்ச்சியாகவும் இருக்கும். தம்பிக்கு நோய் வந்ததற்கு நான் அவனோடு போட்ட சண்டைதான் காரணமோ என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. முகாமில் இரவுப் பேச்சில் இன்னொரு பெண் அதையே சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரம் கழித்து நாங்கள் பிரிந்தபோது அழுதோம்தான். ஆனால் இருபக்கம், ஒரு குழந்தை பிடித்தவர்களைப் பிரிந்து அழுவது வேறு, உயிருக்குப் பயந்து அழுவது வேறு. முதலாவது எல்லாக் குழந்தைகளும் விடுமுறை முடியும்போது படும் வருத்தம். அதையும் நோயாளிக் குழந்தையிடமிருந்து பறித்துப் பாதுகாக்க வேண்டுமா?

தன்னார்வலரை விட முக்கியம் அங்கே கிடைக்கும் மற்றக் குழந்தைகள். அந்த நட்பு தொடரும். அக்காக்களின் பெயர் எனக்கு இன்று நினைவில்லை.

பழைய_கேபின்:

நாணல் சொன்னது நூற்றுக்கு நூறு. நல்ல தன்னார்வலர் குழந்தையைத் தன் மேல் ஒட்டவைக்க மாட்டார், பக்கத்துப் படுக்கைக் குழந்தையோடு ஒட்டவைப்பார். ரெண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நைசாக விலகிப் போய்விடத் தெரிய வேண்டும்.

தூறல்:

படிக்கப் படிக்க நான் நினைத்ததற்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிகிறது. இருபக்கம், நீங்கள் கேட்டதால்தான் இவ்வளவும் வெளியே வந்தது, உங்களுக்கும் நன்றி.

என் பெரிய பயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சாவைப் பற்றிக் கேட்டால்?

பழைய_கேபின்:

என் அனுபவத்தில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கேட்டால், பெரியவர்கள் நினைப்பதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1970களில் லுகேமியா வார்டில் குழந்தைகளோடு பழகி ஆராய்ந்தார். யாரும் சொல்லாவிட்டாலும் தாங்கள் இறக்கப் போவதைக் குழந்தைகள் தெரிந்துகொண்டார்கள், பெற்றோர் தாங்க மாட்டார்கள் என்று தெரியாத மாதிரி நடித்தார்கள் என்று அவர் எழுதினார். வார்டில் ஒரு படுக்கை காலியானால் எதற்கு என்று எனக்கும் தெரியும். அம்மாவிடம் கேட்டதே இல்லை.

அதனால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய்யாகவும் இருக்கலாம், அதைவிட முக்கியம், அந்த நிமிடத்தோடு பேச்சு முடிந்துவிடும். கேட்ட குழந்தை இனி உங்களிடம் எதையும் கேட்காது.

கலங்கரை:

பயிற்சியில் சொல்லித் தருவார்கள், இருந்தாலும் நான் செய்வதைச் சொல்கிறேன். கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் உயரத்துக்கு உட்காருவேன். "இதைப் பத்தி யோசிச்சிட்டு இருந்தியா?" என்று கேட்பேன். அப்புறம் அவர்கள் பேசட்டும். சில சமயம் கேள்வி சாவைப் பற்றியே இருக்காது. வார்டு நண்பன் ஒருவனைப் பற்றி இருக்கும், இல்லை வலிக்குமா என்பதாக இருக்கும், இல்லை "நான் இல்லாட்டி நாய்க்குட்டியை யார் பார்த்துப்பாங்க" என்பதாக இருக்கும். எனக்குப் பதில் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். மருத்துவம் பற்றிய கேள்வி என்றால் "இதை உன் டாக்டர்கிட்ட கேட்கலாம், வேணும்னா இங்க இருக்கிற டாக்டர்கிட்ட நாம சேர்ந்து போவோம்" என்பேன்.

ரகசியமாக வைத்துக்கொள்வதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்டதை அன்றைக்கே பொறுப்பாளரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்ல வேண்டும், குழந்தையிடமும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படிப் பேசும்போதும் யாராவது பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள். எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதிக்கு எப்போதும் விலக்குக் கிடையாது. அந்த விதி குழந்தைக்குப் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

அழுகை வந்தால் வரட்டும். கண் கலங்குவதைக் குழந்தை பார்த்தால் தப்பில்லை. உங்களைத் தேற்றும் வேலை குழந்தையின் மேல் விழக் கூடாது, அவ்வளவுதான். அடக்க முடியாவிட்டால் கூட இருக்கும் இன்னொரு தன்னார்வலரிடம் கண் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். எல்லோரும் எல்லோருக்கும் அதைச் செய்வோம்.

முகாம் முடிந்து சில மாதம் கழித்து உங்கள் கேபின் குழந்தை ஒன்றின் இறப்புச் செய்தி வரலாம். எனக்கு வந்திருக்கிறது. அந்தச் செய்தியோடு தனியாக இருக்காதீர்கள், அந்த வாரத்தில் கூட இருந்தவர்களுக்குப் போன் செய்யுங்கள். நல்ல முகாம்கள் இதற்கென்றே ஆலோசகரை வைத்திருக்கும். பயிற்சியின்போதே யார் என்று கேட்டு வையுங்கள்.

இரவுப்பணி:

முதல் ரெண்டு இரவுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நோயைவிட வீட்டு ஏக்கம்தான் உங்களை அதிகம் வேலை வாங்கும். மாதக்கணக்கில் அம்மா பக்கத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தைகள் இவர்கள். "அம்மாவுக்கு இப்பவே போன் போடுங்க" என்று நள்ளிரவில் அழுதால் போட்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றும். அது உங்கள் முடிவு இல்லை, பொறுப்பாளரை எழுப்புங்கள். பெரும்பாலும் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் கூட உட்கார்ந்து, நாளைக்கு என்ன விளையாட்டு என்று பேசினாலே தூங்கிவிடுவார்கள். ஆனால் அழுகையோடு வயிற்று வலி, தலைவலி என்று சொன்னால் ஏக்கம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். என்னை எழுப்புங்கள்.

நீங்களும் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் தூங்கிவிடுங்கள். தூக்கமில்லாத தன்னார்வலர் நாலாவது நாள் எதையும் கவனிக்க மாட்டார்.

இருபக்கம்:

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன் தூறல். ஒரு முறையோடு விட்டுவிடாமல் அடுத்த வருடமும் போக முடியுமா என்று பாருங்கள். திரும்ப வரும் குழந்தைகளுக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும். மருந்துக்கு முதலிடம் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் இந்த முகாம்கள் தேவையில்லை என்று இனி சொல்ல மாட்டேன்.

தூறல்:

கண்டிப்பாக. ஒரே ஒரு கேள்வி பாக்கி. முடியும்போது ஒரு குழந்தை என் போன் நம்பர் கேட்டால்?

கலங்கரை:

கொடுக்கக் கூடாது. "கடிதம் எழுதி முகாம் அலுவலகத்துக்கு அனுப்பு, என் கைக்கு வந்துடும்" என்று சொல்லுங்கள். வந்தால் பதில் எழுதுங்கள், அதுவும் அலுவலகம் வழியாகவே போகட்டும். குழந்தைகள் தங்களுக்குள் தொடர்பில் இருக்க விரும்பினால் பெற்றோர் சம்மதத்தோடு முகாமே ஏற்பாடு செய்துகொடுக்கும், அதற்கான படிவத்தைக் கடைசி நாளுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி நாள் கூட்டத்தில் அது மறந்து போகும்.